மெய்நிகர் உலகில் கடை போடலாமா, ஊரைக் கட்டிப் பார்க்கலாமா? கேள்வி பதில்

ஆளுக்கொரு உருவம் எடுத்து உள்ளே நடமாடி, பேசி, கட்டி, விற்கக்கூடிய இணைய மெய்நிகர் உலகம் செகண்ட் லைஃப். அங்கே கட்டடம் கட்டித் தருவதில் தொடங்கியவன் நான். பின்னாளில் நிறுவனங்களுக்கும் நகர வடிவமைப்புக் குழுக்களுக்கும் மெய்நிகர் களங்களை அமைத்துக் கொடுத்து வருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மற்றவை கேட்டவர்கள் கேட்டபடியே.

சார், செகண்ட் லைஃப் எல்லாம் பழங்கதை ஆயிடுச்சே. இப்ப எதுக்கு அதைப் பற்றிப் பேசணும்?

மூடிவிட்டார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். லிண்டன் லேப் 2003 ஜூனில் திறந்த அந்த உலகம் இருபது வயதைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்தியவை, பிறகு ஆரவாரமாக வந்த வேறு சில. மைக்ரோசாஃப்ட் கையில் இருந்த ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர். என்ற மெய்நிகர் உலகம் 2023 மார்ச்சோடு முடிந்தது.

பேசுவதற்குக் காரணம் வேறு. இன்று மெட்டாவெர்ஸ், அதாவது இணையத்தில் எல்லாரும் கூடும் மெய்நிகர் உலகம், என்ற பெயரில் உங்களிடம் விற்கப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை 2006, 2007-லேயே அங்கே செய்து பார்க்கப்பட்டவை. துணிக்கடை, ஹோட்டல், வங்கி எல்லாம் இருந்தன. ராய்ட்டர்ஸ் ஒரு கிளையே திறந்து நிருபரை அமர்த்தியது. 2007 மே மாதம் மாலத்தீவும் சுவீடனும் தூதரகம் திறந்தன. எது தேறியது, எது தேறவில்லை என்ற கணக்கு கைவசம் இருக்கும்போது அதைப் பார்க்காமல் பணத்தை இறக்குவானேன்?

நான் ஆடை வடிவமைத்து இணையத்தில் விற்கிறேன் அண்ணா. மெய்நிகர் உலகில் ஒரு கடை திறந்தால் விற்பனை கூடுமா?

நிஜ ஆடையை விற்பதற்காக என்றால், வேண்டாம். அமெரிக்கன் அப்பேரல் 2006-ல் செகண்ட் லைஃபில் அழகான கடை திறந்து, அடுத்த ஆண்டே மூடியது. அந்தக் காலத்துப் பெரிய நிறுவனக் கடைகள் பலவற்றுக்குள் நானும் போய் வந்திருக்கிறேன். பளபளப்பான தரை, சுவர் முழுக்க விளம்பரம், ஒரு ஈ காக்கை இருக்காது. பேச்சுக் கொடுக்கக்கூட ஊழியர் கிடையாது. ஒருமுறை சுற்றிப் பார்த்தவருக்கு மறுமுறை வர என்ன காரணம் இருக்கிறது?

அங்கே சம்பாதித்தவர்கள் அங்கே வாழ்பவர்களுக்குத் தேவையானதைச் செய்தவர்கள். அவதாருக்கு, அதாவது உள்ளே நாம் எடுக்கும் உருவத்துக்கு, சட்டை, முடி, செருப்பு, வீடு, நாற்காலி. ஆன்ஷி சுங் என்ற பெயரில் இயங்கிய பெண், வெற்று நிலத்தை வாங்கி, மேடு பள்ளம் திருத்தி, மரம் வைத்து, துண்டு துண்டாக வாடகைக்கு விட்டார். 2006-ல் பிசினஸ்வீக் இதழின் அட்டையில் வந்தார். அந்த ஆண்டின் இறுதியில் தன் மெய்நிகர் சொத்து பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தார். 2021-ல் ரோப்ளாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் குச்சி (Gucci) நிறுவனத்தின் டிஜிட்டல் கைப்பை ஒன்று மறுவிற்பனையில் அந்தத் தளத்தின் நாணயமான ரோபக்ஸில் 3,50,000-க்குப் போனது. டாலரில் நான்காயிரத்துக்கு மேல். உண்மையான பையே அதைவிட மலிவு! வாங்கியவரால் அதை ரோப்ளாக்ஸுக்கு வெளியே எடுத்துவர முடியாது என்பது வேறு விஷயம்.

உங்கள் கை வடிவமைப்பில் தேர்ந்தது என்றால் அவதார்களுக்கு உடை செய்து பாருங்கள். அது தனித் தொழில், உங்கள் கடையின் கிளை இல்லை.

இன்னொரு பயனும் உண்டு. ஸ்டார்வுட் நிறுவனம் தன் அலாஃப்ட் ஹோட்டலை 2006-லேயே செகண்ட் லைஃபில் கட்டிவிட்டது. முதல் நிஜக் கட்டடம் திறந்ததோ 2008-ல். அறை விற்க அல்ல, கருத்துக் கேட்கத்தான் கட்டினார்கள். வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று கவனித்தார்கள். குளியலறையில் ரேடியோ இருந்தால் நன்றாக இருக்கும் என்ற யோசனை அப்படி வந்ததுதான். வேண்டியது கிடைத்ததும் 2007-ல் அந்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். அந்த வரிசையில் நான் மெச்சுவது இதைத்தான்.

ஆரம்பச் செலவு எவ்வளவு ஆகும்?

2007-ல் செகண்ட் லைஃபில் ஒரு முழுப் பகுதி, அதாவது 256 மீட்டருக்கு 256 மீட்டர், வாங்க 1,675 டாலர். மாதக் கட்டணம் 295 டாலர். மாதக் கட்டணம் பிறகு குறைந்துவிட்டது. ஆனால் பட்ஜெட்டைத் தின்பது நிலம் அல்ல. கட்டித் தருபவரின் கூலியும், தினமும் அங்கே இருந்து வருபவர்களை வரவேற்கும் ஆளின் சம்பளமும்தான். இரண்டாவதற்கு யாருமே பணம் ஒதுக்குவதில்லை.

சம்பாதித்ததை நிஜப் பணமாக வெளியே எடுக்க முடியுமா? ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கா?

செகண்ட் லைஃபில் உள்ளே புழங்கும் லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்ற அதிகாரபூர்வச் சந்தையே இருக்கிறது. ரோப்ளாக்ஸிலும் மாற்றலாம். ஆனால் ஒரு ரோபக்ஸுக்கு வாங்குபவர் கொடுக்கும் விலையும், அதையே உருவாக்கியவர் பணமாக்கும்போது கிடைக்கும் விலையும் மடங்குக் கணக்கில் வேறுபடும். விலை வைக்கும் முன் இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஏமாற்று விஷயத்தில் மனிதர் எங்கும் மனிதர்தான். ஜின்கோ ஃபைனான்ஷியல் என்று செகண்ட் லைஃபுக்குள் ஒரு வங்கி, நம்ப முடியாத வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. 2007 ஆகஸ்டில் கவிழ்ந்தது. உரிமம் இல்லாத வங்கிகளை லிண்டன் லேப் 2008 ஜனவரியிலிருந்து தடை செய்தது. சூதாட்டத்தை அதற்கு முன்பே தடை செய்திருந்தது. நீங்கள் வாங்கும் எதுவும் சட்டப்படி பெரும்பாலும் பயன்பாட்டு உரிமம் மட்டுமே, சொத்து அல்ல. நிறுவனம் விதியை மாற்றினால் உங்கள் தொழில் ஒரே இரவில் நின்றுபோகலாம்.

டிசென்ட்ராலேண்டில் நிலம் வாங்கிப் போட்டால் பின்னாளில் விலை ஏறும் என்கிறார்களே?

நிலத்தைத் துண்டு துண்டாக விற்கும் மெய்நிகர் உலகம் அது. 2021 நவம்பரில் அங்கே ஒரு நிலத்தொகுதி சுமார் 24 லட்சம் டாலருக்குப் போனது. நான் வாங்கமாட்டேன். நிஜ உலகில் மூலை மனைக்கு ஏன் கிராக்கி? மற்ற இடத்திலிருந்து அங்கே போக நேரமும் காலும் செலவாகிறது. மெய்நிகர் உலகில் முகவரியைச் சொடுக்கினால் அடுத்த நொடி அங்கே நிற்கலாம். தூரம் இல்லாத ஊரில் நல்ல இடம், கெட்ட இடம் ஏது?

எங்கள் ஊழியர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கூட்டங்களை மெய்நிகர் உலகில் நடத்துவதில் பயன் உண்டா சார்?

வாராந்தரக் கூட்டத்துக்கு வீடியோ அழைப்பே போதும். இருநூறு பேர் மாநாடு என்றால் கதை மாறும். ஐ.பி.எம். 2008-ல் தன் தொழில்நுட்ப அகாதெமியின் மாநாட்டைச் செகண்ட் லைஃபில் நடத்தியது. செலவு சுமார் 80,000 டாலர். பயணத்திலும் அரங்க வாடகையிலும் 2,50,000 டாலருக்கு மேல் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள்.

லாபம் உரை கேட்பதில் இல்லை, உரை முடிந்த பிறகு நடப்பதில் இருக்கிறது. அருகில் நிற்பவரின் குரல் உரக்கக் கேட்கும், நகர்ந்தால் மங்கும். எனவே ஐந்தாறு பேராகப் பிரிந்து நின்று ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பேச முடிகிறது. வீடியோ அழைப்பில் ஒருவர் பேசினால் மற்றவர் எல்லாரும் வாய்மூட வேண்டியதுதான். எக்ஸ்பி ரியால்டி என்ற வீடு விற்பனை நிறுவனம் கிளை அலுவலகங்களுக்குப் பதிலாக விர்பெலா என்ற மெய்நிகர் வளாகத்தையே நம்பி வளர்ந்தது. 2018-ல் விர்பெலாவையே விலைக்கு வாங்கிவிட்டது.

ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் சொல்லிவிடுகிறேன். செகண்ட் லைஃபில் ஒரு பகுதியில் நூறு அவதார் ஏறினாலே மூச்சு முட்டும். அதனால் நாலு பகுதிகள் சந்திக்கும் மூலையில் மேடையைப் போட்டு, பார்வையாளர்களை நாலு பக்கமும் பிரித்து உட்கார வைப்போம். வரைபடத்தில் நாலு பகுதி, பார்ப்பவர்களுக்கு ஒரே அரங்கம்.

நகரமைப்பு படிக்கிறேன். சிங்கப்பூரின் டிஜிட்டல் மாதிரியும் செகண்ட் லைஃபில் கட்டும் ஊரும் ஒன்றுதானா?

இல்லை. 2014-ல் அறிவிக்கப்பட்ட ‘விர்ச்சுவல் சிங்கப்பூர்’ அளந்து எடுத்த தரவுகளால் ஆனது. நிழல் எங்கே விழும், காற்று எப்படி ஓடும், எந்தக் கூரையில் சூரியத் தகடு வைக்கலாம் என்று நிபுணர்கள் அதைக் கேட்பார்கள். மெய்நிகர் உலகில் கட்டும் ஊர் பொதுமக்கள் கைவைப்பதற்கானது. முதலாவது இருக்கும் நகரத்தைச் சரியாகக் காட்ட வேண்டும். இரண்டாவது கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பாதகமில்லை, யாரும் பயமில்லாமல் இடித்துக் கட்ட முடிந்தால் போதும்.

மக்கள் கைவைத்து நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா? இல்லை எல்லாம் படம் காட்டும் வேலைதானா?

மாறியிருக்கிறது. நகர வாழ்விடங்களைக் கவனிக்கும் ஐ.நா. ஹாபிடாட் அமைப்பும், கனசதுரக் கட்டிகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமும் 2012-ல் ‘பிளாக் பை பிளாக்’ திட்டத்தைத் தொடங்கின. மக்கள் தங்கள் ஊரின் பொது இடத்தை அந்த விளையாட்டில் தாங்களே வடிவமைக்கும் பட்டறைகள் அவை. நைரோபியின் கிபெராவில் ஒரு விளையாட்டு மைதானம், நேபாளத்தின் கீர்த்திப்பூரில் ஒரு பழைய குளத்தைச் சுற்றிய இடம் என்று உலகின் பல ஊர்களில் நடந்தது. எல்லாம் சிறிய பொது இடங்கள் என்பதைக் கவனியுங்கள். முழு நகரத்தை யாரும் தொடவில்லை.

பட்டறை நடக்கும் விதத்தைச் சொன்னால் ஏன் பலிக்கிறது என்று புரியும். முதலில் எல்லாரும் அந்த இடத்துக்கே நடந்து போய்ப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு கணினிக்கு மூன்று நான்கு பேர். விசைப்பலகை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளையின் கையில். பக்கத்தில் ஒரு கடைக்காரர், ஒரு அம்மா. “விளக்கை அந்த ஓரத்துக்கு நகர்த்து, அங்கேதான் இருட்டு” என்று அம்மா சொல்ல, பையன் இரண்டு கட்டியை உடைத்து நகர்த்துகிறான். “அப்படியானால் என் கடைக்கு வண்டி எப்படி வரும்?” என்று கடைக்காரர் எழுகிறார். வழக்கமான கூட்டத்தில் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவரின் குரல்தான் ஓங்கும். இங்கே அந்த இடத்தில் தினமும் நடப்பவரின் குரல் எடுபடுகிறது. ஹனோயில் பதின்வயதுப் பெண்கள் தாங்கள் போய்வரும் வழியில் எங்கே பயமாக இருக்கிறது என்பதை இப்படித்தான் கட்டிக் காட்டினார்கள்.

கடைசி நாள் நகர அதிகாரிகள் முன் குழுக்கள் தங்கள் மாதிரியை விளக்குகின்றன. எனக்கு இதுதான் முக்கியம். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் அந்த அறையில் இல்லையென்றால் நீங்கள் நடத்துவது கணினி வகுப்பு. என்னைக் கூப்பிடுபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: இடத்துக்கு நிதி ஒதுக்கியாயிற்றா?

விளையாட்டு என்றால் பிள்ளைகள் நாசம் பண்ணிவிடுவார்களே ஐயா?

பண்ணுவார்கள்! டென்மார்க் 2014-ல் தன் நாடு முழுவதையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் மைன்கிராஃப்டில் வெளியிட்டது. வெடிமருந்தை முடக்கித்தான் வைத்தார்கள். வெடி ஏற்றிய தள்ளுவண்டியை முடக்க மறந்துபோனார்கள். சில வாரங்களில் ஊரின் ஒரு பாகம் தரைமட்டம். அமெரிக்கக் கொடி வேறு நட்டிருந்தது. திரும்பக் கட்டிவிட்டார்கள். தினம் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

நான் கட்டடக் கலைஞர். இந்த மாதிரிகளின் அளவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அளவை நம்பவே கூடாது. செகண்ட் லைஃபில் கேமரா அவதாரின் பின்னால், தலைக்கு மேல் மிதக்கிறது. நிஜ அளவில் அறை கட்டினால் கேமரா சுவரிலும் கூரையிலும் முட்டும். அதனால் எல்லாரும் அறையை ஒன்றரை மடங்காவது பெரிதாக்கிக் கட்டுவார்கள். அதைப் பார்த்து “விசாலமா இருக்கே” என்று ஒருவர் சொன்னால் அந்தக் கருத்துக்கு மதிப்பே இல்லை. மைன்கிராஃப்டில் ஒரு கட்டி ஒரு மீட்டர், குறைந்தால் அரைக் கட்டி. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை அதில் சரியாகக் காட்டவே முடியாது. காட்ட முடியாததை மக்கள் பேசாமலும் விட்டுவிடுகிறார்கள். எனவே சாய்தளம், நடைபாதை உயரம், வடிகால் மூன்றையும் தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுவேன்.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் போன்ற, நகரம் கட்டி நடத்தும் கணினி விளையாட்டுகளில் வேறு சிக்கல். 2013-ல் வந்த சிம்சிட்டியை வடிவமைத்தபோது நிஜ வாகன நிறுத்துமிடங்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவில் போட்டால் பாதி ஊரை அதுவே அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்து, விளையாட்டில் சுருக்கிவிட்டார்கள். ஸ்கைலைன்ஸின் முதல் பதிப்பிலோ நிறுத்த இடம் கிடைக்காத கார் அப்படியே மாயமாகிவிடும். அதில் சாலை சீராக ஓடுகிறது என்று வாதிட வராதீர்கள்.

எங்கள் நகர நிர்வாகம் சொந்தமாக ஒரு மெட்டாவெர்ஸ் தொடங்க யோசிக்கிறது. உங்கள் கருத்து?

தென்கொரியத் தலைநகர் சியோல் 2023 ஜனவரியில் ‘மெட்டாவெர்ஸ் சியோல்’ திறந்தது. மக்கள் வராததால் 2024-ல் மூடியது. 2022-ல் ஐரோப்பிய ஆணையத்தின் ஒரு துறை 3,87,000 யூரோ செலவில் ஒரு மெய்நிகர் களம் அமைத்து இளைஞர்களுக்கு விருந்துக் கொண்டாட்டம் வைத்தது. வந்தவர்கள் ஐந்தாறு பேர். சான்றிதழ் எடுக்க ஒரு படிவம் போதும் என்கிறபோது அவதாரை எதற்கு நடக்கவைக்க வேண்டும்? மக்கள் ஏற்கெனவே இருக்கும் உலகத்துக்கு நீங்கள் போங்கள். அதுவும் ஒரு பூங்கா, ஒரு சந்திப்பு என்று குறிப்பான வேலையோடு, முடியும் தேதியோடு. 2008 வாக்கில் பாஸ்டனில் ‘ஹப்2’ என்ற முயற்சி ஆல்ஸ்டன் பகுதியின் ஒரு பூங்காவை மட்டும் எடுத்துக்கொண்டு செகண்ட் லைஃபில் மக்களோடு வடிவமைத்தது. அந்த அளவே உங்களுக்கும் தாராளம்.

வி.ஆர். கண்ணாடி வாங்க வேண்டுமா?

தலையில் மாட்டினால் மெய்நிகர் உலகத்துக்குள்ளேயே நிற்பது போலக் காட்டும் கண்ணாடிதானே? பட்டறைக்கு வேண்டாம். ஆளுக்கொரு கண்ணாடி மாட்டினால் ஆளுக்கொரு உலகம், பேச்சு நின்றுவிடும். மாதிரி முடிந்த பிறகு ஒன்றே ஒன்றை வைத்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்தும் சக்கர நாற்காலி உயரத்திலிருந்தும் அதிகாரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குத் தலை சுற்றும். ஐந்து நிமிடம் போதும், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.