கியூஆர் கோடை ஸ்கேன் செய்வதில் என்ன ஆபத்து?

கியூஆர் கோடு என்பது கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் எழுதிய எழுத்து, அவ்வளவுதான். 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஓர் இணைய முகவரி, அல்லது பணம் போய்ச் சேர வேண்டிய யூபிஐ முகவரி.

சிக்கல் என்னவென்றால், போன் படிக்கும் அந்த எழுத்தை நம்மால் படிக்க முடியாது. தெரியாத மொழியில் போர்டு மாட்டிய பஸ் மாதிரி; ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டீக்கடை அட்டையின் மேல் எவனோ தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால், நாம் குடித்த டீக்கு அவனுக்குக் காசு போகும். அதனால் பின் நம்பர் போடும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இணைப்பு என்றால், திறக்கும் முன் போன் காட்டும் முகவரியைப் படியுங்கள்.

நீங்களே உருவாக்க குரோம் பிரவுசரே போதும். கோடு செய்து தரும் சில இலவசத் தளங்கள், ஸ்கேன் செய்பவரைத் தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிடும். பிறகு சந்தா கேட்டு நிறுத்தினால், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த கோடு வெறும் கோலம்தான்.

அப்புறம், பணம் வாங்கவும் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். யூபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை, போட்டால் போவது உங்கள் பணம்.