கைப்பேசி காட்டும் 46 எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி 220 கிலோவோல்ட் மின்கம்பி போகிறது. மூன்று வயதில் மகள் இருக்கிறாள். கைப்பேசிச் செயலியால் காந்தப்புலத்தை அளந்த ஒருவர், '46 மைக்ரோடெஸ்லா இருக்கிறது, 0.4-ஐத் தாண்டினாலே குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்' என்கிறார். சுவருக்குத் தடுப்புத் தாள் ஒட்டச் சொல்கிறார். ஒட்டலாமா?

பதில்: ஒட்டாதீர்கள். நடுக்காட்டில் நின்று அளந்தாலும் அவருடைய கைப்பேசி ஏறக்குறைய அதைத்தான் காட்டும். அது பூமியின் நிலையான காந்தப்புலம். இடத்துக்கு இடம் 25 முதல் 65 வரை இருக்கும். கைப்பேசியின் காந்த உணரி திசைகாட்டிக்காக வைத்தது. மின்கம்பியின் புலம் நொடிக்குப் பல முறை திசை மாறும் மாறுதிசைப் புலம்; அதை அளக்கத் தனிக் கருவி உண்டு. மெல்லிய அலுமினியத் தாளோ ஸ்டிக்கரோ அந்தக் காந்தப்புலத்தைத் தடுக்காது.

0.4 என்பது மட்டும் அவர் கற்பனை அல்ல. வீட்டில் இந்த மாறுதிசைப் புலத்தின் சராசரி 0.3 அல்லது 0.4-க்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சுமார் இரு மடங்கு காணப்பட்டது. காரணம் கம்பிதான் என்று நிரூபணமாகவில்லை. 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புலத்தை 'ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்தது. ஆசியப் பாரம்பரிய முறையில் ஊறுகாய் போட்ட காய்கறிகளும் அதே பட்டியலில் உள்ளன. 60 மீட்டரில் உங்கள் கம்பியின் பங்கு பெரும்பாலும் 0.2-ஐ ஒட்டியே இருக்கும்.

மின்துறைக்கு மனு எழுதினால் 'வரம்புக்குள் உள்ளது' என்று ஒற்றை வரியில் பதில் வரக்கூடும். பல நாடுகள் பின்பற்றும் சர்வதேச வரம்பு 100 அல்லது 200 மைக்ரோடெஸ்லா. அது நரம்பையும் தசையையும் உடனடியாகத் தூண்டாமல் இருக்க வகுத்தது. நீங்கள் கேட்பது ஆண்டுக்கணக்கில் தினமும் அங்கே தூங்கும் குழந்தையைப் பற்றி! எனவே அளந்த எண்ணையும், அப்போது கம்பியில் ஓடிய மின்னோட்டத்தையும் எழுத்தில் கேளுங்கள். புலம் மின்னோட்டத்தைப் பொறுத்தது. வோல்ட்டை வைத்துப் பயப்படுவதில் பொருளில்லை.

ஒன்றை மட்டும் அவசியம் பாருங்கள். கம்பியே இல்லாத வீட்டிலும் 0.4 தாண்டும் மூலை இருக்கலாம். குழந்தையின் தலைமாட்டுச் சுவருக்கு மறுபுறம் மீட்டர் பலகை இருக்கிறதா? பிரதான மின்வயர் ஏறுகிறதா? குளிர்சாதனப் பெட்டியின் முதுகு ஒட்டியிருக்கிறதா? செங்கல் சுவர் காந்தப்புலத்தை மறைக்காது, தூரம்தான் குறைக்கும். கட்டிலை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப் போடுங்கள். சரியான கருவி கிடைத்தால், விளக்கும் இயந்திரங்களும் ஓடும் மாலை நேரத்தில் தலையணையின் மேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.