ஹீட்டிங்கை அணைத்த பிறகும் ரேடியேட்டர்கள் ஏன் சுடுகின்றன?

பிரிட்டனில் உள்ள உங்கள் வீட்டில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, குளிக்க வெந்நீர் மட்டும் போட்டாலும் ரேடியேட்டர்கள் (அறையைச் சூடாக்கும் வெந்நீர்த் தகடுகள்) கொதிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். வெந்நீர்த் தொட்டியும், தொட்டிக்கு ஒன்று ரேடியேட்டர்களுக்கு ஒன்று என வெந்நீரைத் திறந்து மூடும் இரண்டு மோட்டார் வால்வுகளும் இருப்பதாகச் சொல்வதால், தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரைக் குறை சொல்லும் முன் ரேடியேட்டர் குழாயில் உள்ள வால்வைத்தான் சந்தேகிப்பேன்.

அந்த வால்வை மோட்டார் திறக்கும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் மூடிவிடும். ஹீட்டிங்கை அணைத்துச் சில நிமிடம் கழித்து, வால்வுப் பெட்டியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலை விரலால் தள்ளிப் பாருங்கள். நெம்புகோல் உங்கள் விரலை எதிர்த்துத் தள்ளினால் வால்வு மூடியிருக்கிறது. தொளதொளவென்று ஆடினால் திறந்தே கிடக்கிறது.

அப்படி ஆடினால், ஹீட்டிங்குக்கு வரும் மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு மீண்டும் தள்ளுங்கள். இப்போது இறுக்கம் திரும்பினால் வால்வில் பழுதில்லை. டைமரோ தெர்மோஸ்டாட்டோ அணைந்த பிறகும் மின்சாரம் அனுப்புகிறது. அப்போதும் தொளதொளத்தால் பழுது வால்வில்தான். பல மாடல்களில் தண்ணீரை வடிக்காமலே மேலே உள்ள மோட்டார் பகுதியை மட்டும் மாற்றிவிடலாம்; செலவும் குறைவு. மோட்டாருக்குக் கீழே வால்வைத் திறந்து மூடும் தண்டு கையால் திருப்ப முடியாதபடி இறுகியிருந்தால் முழு வால்வையும் மாற்ற வேண்டும்.

உள்ளே ஓடுவது 230 வோல்ட். மின்சாரத்தைத் துண்டிக்காமல் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால் இந்த வேலையைச் செய்யும் வால்வு பாய்லருக்குள்ளேயே இருக்கும். அதற்கு கேஸ் சேஃப் (பிரிட்டனில் எரிவாயு வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பட்டியல்) பதிவு பெற்றவரை அழையுங்கள்.