எல்லை தாண்டும் பயங்கரவாதம்: நாடுகளின் ஒத்துழைப்பால் பலன் உண்டா?

கேள்வி: பயங்கரவாதத்துக்கு எதிராக ஒன்றுபடுவோம் என்று உலகத் தலைவர்கள் மாநாட்டுக்கு மாநாடு அறிக்கை விடுகிறார்கள், ஆனாலும் தாக்குதல்கள் நின்றபாடில்லை. இந்த ஒத்துழைப்பால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஒத்துழைக்க மறுக்கும் நாட்டுக்குப் பொருளாதார இழப்பு நேரும் இடங்களில் அது தெளிவாகத் தெரிகிறது. அரசியல் நலன் குறுக்கிடும் இடங்களில் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

2001 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1373-ஆவது தீர்மானம், பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டுவதைக் குற்றமாக்கவும், அதில் ஈடுபடுவோரின் சொத்துகளை முடக்கவும், அவர்களுக்குப் புகலிடம் மறுக்கவும் எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. சட்டங்கள் இயற்றப்பட்டன, அவற்றைச் செயல்படுத்தும் அக்கறைதான் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அந்த அக்கறையை வரவழைக்கும் வலிமை, பாரிஸிலிருந்து இயங்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற நிதி நடவடிக்கைப் பணிக்குழுவுக்கு இருக்கிறது; பயங்கரவாதத்துக்கான நிதியை நாடுகள் எப்படித் தடுக்கின்றன என்று கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு அது. 2008 மும்பைத் தாக்குதலை அடுத்து ஐ.நா.வின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட லஷ்கர்-எ-தொய்பா அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஹஃபீஸ் சயீத், பல ஆண்டுகள் பாகிஸ்தானில் பொதுக்கூட்டங்களில் பேசிவந்தார். 2018 ஜூனில் அந்நாடு நிதிப் பணிக்குழுவின் சாம்பல் நிறப் பட்டியலில் (குறைபாடுகளுக்காகத் தீவிரமாகக் கண்காணிக்கப்படும் நாடுகளின் பட்டியல்) வைக்கப்பட்டு, வெளிநாட்டுக் கடனும் முதலீடும் பாதிக்கப்படலாம் என்ற நெருக்கடி முற்றிய பிறகுதான், 2020 பிப்ரவரியில் லாகூர் நீதிமன்றம் பயங்கரவாத நிதி வழக்கில் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. தாக்குதலுக்காக அவர் தண்டிக்கப்படவில்லை என்பது வேதனைக்குரியது. என்றாலும், கண்டனங்களால் நடக்காதது பட்டியலால் நடந்தது.

தோல்விக்கும் சான்று உண்டு. ஜெய்ஷ்-எ-முகமது அமைப்பின் தலைவர் மசூத் அசாரை ஐ.நா. தடைப் பட்டியலில் சேர்க்க 2009-இல் தொடங்கிய முயற்சி, பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களும் இசைய வேண்டும் என்ற விதியாலும் சீனா மீண்டும் மீண்டும் இட்ட முட்டுக்கட்டையாலும் 2019 மே மாதம்தான் கைகூடியது.

கேள்வி: உளவுத் தகவல்களைப் பகிர்ந்துகொண்டாலே தாக்குதல்களைத் தடுத்துவிடலாம் அல்லவா?

பதில்: உரிய தகவல் உரியவரின் கைக்கு உரிய நேரத்தில் சேர்ந்தால் பலவற்றைத் தடுக்கலாம். 130 பேரைப் பலிகொண்ட 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலுக்கு மறுநாள் காலை, அதில் பங்குகொண்ட சலா அப்தெஸ்லாம் சென்ற காரை, பெல்ஜியம் எல்லைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பிரெஞ்சுக் காவலர்கள் நிறுத்தி, ஆவணங்களைச் சரிபார்த்து, அனுப்பிவிட்டார்கள். அவரது தீவிரவாதப் போக்கை பெல்ஜியம் காவல்துறை முன்பே அறிந்திருந்தும், ஐரோப்பிய நாடுகளின் பொதுத் தரவுத்தளத்தில் அந்தக் குறிப்பு இல்லை. நான்கு மாதங்களுக்குப் பிறகு அவர் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டார். அடுத்த நான்காம் நாள் அவருடைய கூட்டாளிகள் அந்நகரின் விமான நிலையத்திலும் மெட்ரோ ரயிலிலும் குண்டு வைத்து 32 பேரைக் கொன்றார்கள். நட்பு நாடுகளுக்கிடையே நேர்ந்த இடைவெளி இது; பகை நாடுகளுக்கிடையே தகவல் பரிமாற்றத்தை எதிர்பார்ப்பது இன்னும் கடினம்.

கேள்வி: பயங்கரவாதத்துக்கு எல்லா நாடுகளும் ஏற்கும் ஒரே வரையறை ஏன் இன்னும் இல்லை?

பதில்: அதற்கான உலகளாவிய உடன்படிக்கையை இந்தியா 1996-இலேயே ஐ.நா.வில் முன்மொழிந்தது. விடுதலைப் போராட்டங்களையும் அரசுப் படைகளின் செயல்களையும் அதில் எப்படி வகைப்படுத்துவது என்பதில் இணக்கம் ஏற்படாததால் அது இன்றும் நிறைவேறவில்லை. அதற்காகக் காத்திராமல், விமானக் கடத்தல், பிணை பிடித்தல், குண்டுவெடிப்பு, நிதியளிப்பு எனக் குற்றவாரியாக ஏற்கெனவே நடைமுறையில் உள்ள உடன்படிக்கைகளின்படி குற்றவாளிகளை ஒப்படைப்பதை விரைவுபடுத்துவதே இப்போது செய்யத்தக்கது.