நீஸ் நகரில் ஐந்து இரவு: கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நான், மனைவி, 12 வயது மகள், 71 வயதான அம்மா என நான்கு பேர் வரும் மே மாதம் பிரான்சின் நீஸ் நகருக்குப் போய் ஐந்து இரவு தங்க நினைக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எல்லோரும் சைவம், கேக், பேக்கரி பண்டங்களில் முட்டை இருந்தால் பரவாயில்லை. மூன்று நட்சத்திர ஹோட்டல் போதும். கடலைப் பார்த்த அறை என்றால் ஓர் இரவுக்கு 60, 70 யூரோ கூடுகிறது. அதைக் கொடுக்கலாமா? எந்தப் பகுதியில் தங்குவது? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தை அம்மாவின் முழங்காலுக்காகச் செலவழியுங்கள். சரியான லிஃப்ட், வாசலில் படி இல்லாத கட்டடம், தொட்டி இல்லாத குளியலறை, ஒரே மாடியில் இரண்டு அறைகள். நீங்கள் தேட வேண்டியவை இவைதான்.

நீஸில் கடல் எல்லோருக்கும் பொது. ப்ரொமனாட் தெ ஸாங்லே என்ற கடற்கரைச் சாலை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளம். அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் 1820களில் பணம் போட்டு அமைத்த நடைபாதைதான் இப்படி வளர்ந்திருக்கிறது. அதன் ஓரத்தில் நீல நிற நாற்காலிகள் கடலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். யாரும் காசு கேட்க மாட்டார்கள், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கடலைப் பார்த்த ஹோட்டல்களோ சாலையின் மறுபக்கத்தில் இருக்கின்றன. ஹோட்டலுக்கும் தண்ணீருக்கும் நடுவே பல வழித்தடங்களில் வண்டிகள் ஓடுகின்றன. இரவில் ஜன்னலைத் திறந்தால் அலையோசைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் சத்தம்தான் காதில் விழும். இன்னொன்றையும் கவனியுங்கள். 'வ்யூ மேர்' என்றால் அறையிலிருந்து நேராகக் கடல் தெரியும். அதோடு 'லத்தேரால்' என்ற சொல் சேர்ந்திருந்தால், பால்கனிக் கம்பியைப் பிடித்துத் தலையைத் திருப்பினால்தான் ஒரு கீற்று நீலம் தெரியும். அதற்கும் கூடுதல் கட்டணம் உண்டு.

லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊரிலிருந்து வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதிகம் சிரமப்படுவது இதில்தான். நீஸ் ஒரு காலத்தில் ஐரோப்பியப் பணக்காரர்களின் குளிர்கால ஊர். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அந்தச் சிறப்புக்காகவே. நகரின் மையப் பகுதியில் நடுத்தர ஹோட்டல்கள் பல, அந்தக் காலத்துக் கட்டடங்களில் நடக்கின்றன. லிஃப்டே இல்லாத காலத்தில் கட்டியவை என்பதால், படிக்கட்டு சுற்றிப் போகும் நடுப்பள்ளத்தில் பிறகு ஒரு சின்ன லிஃப்டைப் பொருத்தியிருப்பார்கள். ஒருமுறை நான் தங்கிய ஹோட்டலில் லிஃப்ட் கதவை மூடப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் கைப்பையை வைத்து, சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். அந்த லிஃப்டுக்குப் போவதற்கே வாசலிலிருந்து ஏழு பளிங்குப் படிகள் ஏற வேண்டியிருந்தது, கைப்பிடியும் கிடையாது. 'லிஃப்ட் உண்டு' என்று இணையதளத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. நான்தான் சரியான கேள்வியைக் கேட்கவில்லை.

அதனால் புக் செய்வதற்கு முன் ஹோட்டலுக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எளிய ஆங்கிலம் போதும். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, லிஃப்ட் எங்கள் அறை இருக்கும் மாடி வரை வருமா, அம்மாவின் அறையில் குளியல் தொட்டியா ஷவரா என்ற மூன்றையும் கேளுங்கள். பிரெஞ்சில் தொட்டி 'பென்யுவார்', ஷவர் 'தூஷ்'. முழங்கால் வலி உள்ளவர் ஈரக் காலோடு தொட்டியின் விளிம்பைத் தாண்டுவது ஆபத்து. 'தூஷ்' அறைதான் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் தெளிவாகப் பதில் எழுதும் ஹோட்டலை நம்பலாம். மழுப்பலான பதில் வந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

சரி, எந்தப் பகுதி? ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் 'கார்த்தியே தே மியூசிசியான்', அதாவது இசைக்கலைஞர் பேட்டை, உங்களுக்குப் பொருந்தும். ரோசினி, வெர்டி, கூனோ, பெர்லியோஸ் என்று தெருக்களுக்கெல்லாம் இசையமைப்பாளர்களின் பெயர்தான். பெரும்பாலும் சமதளம், இரவில் அமைதி, கடலுக்குக் கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். விமான நிலையத்திலிருந்து வரும் இரண்டாம் எண் டிராம் இங்கே சுரங்கத்தில் ஓடுகிறது. அல்சாஸ்-லொரேன் நிறுத்தத்தில் இறங்கினால் லிஃப்டிலேயே மேலே வந்துவிடலாம். பெட்டிகள் அதிகம் என்றால் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு டாக்சிக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு. ஏறும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நகரம், 'வியூ நீஸ்', பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தங்க வேண்டாம். சந்துக்குள் டாக்சி வராது, பல வீடுகளில் லிஃப்ட் இல்லை, நள்ளிரவு வரை கீழே உணவக மேசைகளின் பேச்சுச் சத்தம். விமான நிலையத்தை ஒட்டிய ஆரெனாஸ் பகுதியில் அறை மலிவு, கட்டடங்களும் புதியவை. ஆனால் ஒவ்வொரு முறையும் டிராம் ஏறித்தான் ஊருக்குள் வர வேண்டும்; மதியம் அறைக்கு வந்து அம்மா சற்றுப் படுத்து எழ முடியாது. அந்த ஒரு மணி நேர ஓய்வு கிடைத்தால்தான் மாலையில் அவரும் உங்களோடு வெளியே வருவார். எனக்கு அதனால்தான் மையப் பகுதியே சரியென்று படுகிறது. அங்கே கிடைக்காவிட்டால் ரயில் நிலையத்துக்கு வடக்கே லிபெராசியோன் பகுதியைப் பாருங்கள். அங்கே செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலையில் நல்ல காய்கறிச் சந்தை கூடும், முதலாம் எண் டிராமும் பக்கத்திலேயே.

அறை அளவைப் பற்றி முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிரான்சில் நட்சத்திரம் அரசு விதிகளின்படி தரப்படுவது. மூன்று நட்சத்திர ஹோட்டலின் இருவர் அறைக்குக் குறைந்தபட்ச அளவு குளியலறையையும் சேர்த்து 13.5 சதுர மீட்டர். நம் கணக்கில் 145 சதுர அடி. இரண்டு பெரிய பெட்டிகளை விரித்து வைத்தால் நடக்க இடமிருக்காது. நம் ஊரைப் போல 'ஒரு மெத்தை கூடப் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டாலும் நடக்காது. எத்தனை பேருக்கான அறையோ அத்தனை பேர்தான் தங்கலாம். நான்கு பேருக்கு இரண்டு அறை எடுங்கள்: உங்கள் இருவருக்கு ஒன்று, பாட்டிக்கும் பேத்திக்கும் தனித்தனிக் கட்டில் உள்ள 'ட்வின்' ஒன்று. நடுவில் கதவு உள்ள இணைந்த அறைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. 'கோத்தே கூர்' என்று போட்டிருந்தால் உள்முற்றத்தைப் பார்த்த அறை என்று அர்த்தம். வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் சத்தம் இருக்காது. அம்மாவுக்கு அதையே கேளுங்கள்.

சமையல் வசதியுள்ள அபார்ட்-ஹோட்டலும் நீஸில் உண்டு. ஐந்து இரவு, சைவக் குடும்பம் என்பதால் நானே அதைத்தான் முதலில் பார்ப்பேன். அடுப்பு, ஃபிரிட்ஜ், தட்டுகள் எல்லாம் இருக்கும். ஒரு ரசம் சாதம் வைத்துச் சாப்பிட்டால் அடுத்த நாளுக்குத் தெம்பு வந்துவிடும். ஆனால் 'நால்வர் தங்கலாம்' என்ற கணக்கில் பெரும்பாலும் இருவருக்கு சோபாவை விரித்தால் வரும் படுக்கைதான். அதில் அம்மாவைப் படுக்க வைக்காதீர்கள். தனிப் படுக்கையறை உண்டா என்று பாருங்கள். தினமும் அறையைச் சுத்தம் செய்து தர மாட்டார்கள், வரவேற்பில் இரவெல்லாம் ஆளும் இருக்காது. விமானம் நள்ளிரவில் இறங்கினால் சாவியை எப்படி எடுப்பது என்று கேட்டுவைக்க வேண்டும்.

அப்புறம் தேதி. மே மாதம் என்றீர்கள், ஆனால் மே முழுக்க ஒரே விலை இல்லை. பக்கத்து ஊரான கானில் திரைப்பட விழா மே நடுவில் தொடங்கி ஏறத்தாழ 12 நாள் நடக்கும். அந்த நாட்களில் நீஸிலும் அறை விலை எகிறிவிடும். மொனாக்கோ கார் பந்தயம் 2026 முதல் ஜூன் தொடக்கத்துக்கு மாறியிருக்கிறது. பயணத்தை ஜூன் தொடக்கத்துக்குத் தள்ளினால் அதன் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மகளின் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் கிளம்பி மே 10-க்குள் திரும்புவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். மே 1 அங்கே கட்டாய விடுமுறை, பல கடைகள் திறக்காது. முந்தின நாளே ரொட்டி, பால், பழம் வாங்கிவையுங்கள். மே 8-ம் விடுமுறைதான்.

புக்கிங்கைப் பொறுத்தவரை, விசா கைக்கு வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகவே எடுங்கள். பணம் திரும்பாத அறை கொஞ்சம் மலிவாகத் தெரியும், விசா தாமதமானால் முழுத் தொகையும் போய்விடும். உறுதிக் கடிதத்தில் நான்கு பேரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரட்டும். ஒருவர் பெயரில் மட்டும் வரும் ரசீது விசாவுக்கு வீண் கேள்விகளைக் கொண்டுவரும். பிரான்சுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா. அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்திலேயே கொடுக்கலாம். கட்டணம் 90 யூரோ. பாதிக் கட்டணம் 12 வயது நிறையாத குழந்தைகளுக்குத்தான், உங்கள் மகளுக்கு முழுக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஹோட்டலில் அறை வாடகை போகத் தங்கல் வரி என்று ஆளுக்கு, இரவுக்குக் கொஞ்சம் வாங்குவார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது கிடையாது. பில்லில் மகளையும் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

காலை உணவைத் தனியாகப் பணம் கட்டி எடுக்க வேண்டாம். அங்கே குரோசான், ரொட்டி, ஜாம், தயிர், பழம் போக மற்றதெல்லாம் பன்றி இறைச்சியும் முட்டையும்தான். தெருமுனை பேக்கரியில் அதே குரோசான் சூடாகக் கிடைக்கும். மதியத்துக்கு நீஸ்காரர்களின் 'சோக்கா' நமக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். கரைத்த மாவைப் பெரிய செம்புத் தாம்பாளத்தில் மெல்லிசாக ஊற்றி விறகடுப்பில் வேக வைப்பார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். சுரண்டிக் காகிதத்தில் போட்டு மேலே மிளகுத்தூள் தூவித் தருவார்கள். ஆறினால் சுவை போய்விடும், நின்றபடியே சாப்பிட்டுவிடுங்கள். சுக்கினிப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்த பண்டமும் நம் பஜ்ஜிக்கு உறவு. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: 'பிசலாதியேர்' பார்வைக்கு வெங்காய ரொட்டி, உள்ளே நெத்திலி மீன் சேர்ப்பார்கள். 'பான் பான்யா' என்ற ரொட்டியிலும் நீஸ் சாலட்டிலும் மீன் உண்டு. பல உணவகங்கள் மதியம் இரண்டரை வாக்கில் சமையலறையை மூடி, மாலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். அம்மாவுக்கு மாத்திரை நேரம் இருந்தால் கையில் ஏதாவது வைத்திருங்கள்.

பெட்டியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளை வையுங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. மூன்று பின் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும்.

கடற்கரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீஸ் கரையில் மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல். அம்மா அதில் நடக்க முடியாது. உங்கள் மகளுக்கும் தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு வாங்குங்கள். கரையிலிருந்து சில அடி போனதுமே ஆழம் சட்டென்று கூடும், நீச்சல் தெரியாவிட்டால் கையை விடாதீர்கள். மே தொடக்கத்தில் தண்ணீர் நமக்கு நன்றாகவே குளிரும். கால் நனைக்க ஆசைப்பட்டால் ரயிலில் பத்து நிமிடத்துக்குள் இருக்கும் வில்ஃப்ரான்ஷ் போங்கள். அங்கே மணல் உண்டு, அலையும் குறைவு. நீஸிலிருந்து மொனாக்கோ, மந்தோன் பக்கம் போகும் அதே ரயில்தான். வலப்புற ஜன்னலில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்.

கடலை உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் அறை தேவையில்லை. கடற்கரைச் சாலையின் கிழக்கு முனையில், பழைய நகரத்தை ஒட்டி, கோட்டை மலை இருக்கிறது. அடிவாரத்திலிருந்து லிஃப்ட் போகிறது, இலவசம். இறங்கிய பிறகும் உச்சிக்குக் கொஞ்சம் நடை உண்டு, ஆனால் அம்மா அதுவரை போக வேண்டியதில்லை. வழியிலேயே வளைகுடா முழுக்கத் தெரியும். காலை பத்தரைக்குப் போனால் வெயிலும் இதமாக இருக்கும். தினமும் மதியம் சரியாக 12 மணிக்கு அந்த மலையிலிருந்து பீரங்கிபோல ஒரு வெடி வெடிப்பது ஊர் வழக்கம். அம்மா திடுக்கிடாமல் இருக்க முன்பே சொல்லிவையுங்கள்.