சாவிக்கு முதுகுல கண்ணு இருந்துச்சா?

கேள்வி: சார், என் பையனுக்கு 12 வயசு. மிட்ஃபீல்டுல ஆடுறான், ஆளு குட்டையா ஒல்லியா இருப்பான். பந்து கால்ல ஒட்டுது ஆனா விஷன், அதாவது சுத்தி யார் எங்க இருக்காங்கன்னு முன்னாடியே பாத்து ஆடுற பார்வை, இல்லன்னு அவன் கோச் சொல்றாரு. இப்போ ஒருத்தர் வந்து மூணு மாச விஷன் ட்ரெய்னிங் 40 ஆயிரம், மின்னுற கண்ணாடி, கம்ப்யூட்டர் பயிற்சி எல்லாம் உண்டு, முடிச்சதும் பார்சிலோனாவுல ட்ரையல், அதுக்கு தனியா 6 லட்சம்ங்கிறாரு. அவர் குடுத்த நோட்டீஸ்ல சாவி ஹெர்னாண்டஸ் படம் போட்டு 'சாவியின் ரகசியம்'னு எழுதியிருக்கு. அட்வான்ஸ் 5 ஆயிரம் குடுத்துட்டோம். சாவிக்கு இருந்த பார்வை பொறப்புலயே வந்ததா, இல்ல கத்துக்கக்கூடியதா? நகைய வச்சு மீதிய கட்டலாமா?

பதில்: நகைய வைக்காதீங்கம்மா. இத மொதல்ல சொல்லிட்டேன்னா மத்தத நிதானமா பேசலாம்.

சாவின்னு பேர் வச்சதுக்கு ஏத்த மாதிரி பூட்டின டிஃபென்ஸ திறந்துக்கிட்டே இருந்த ஸ்பெயின் மிட்ஃபீல்டர் அவரு, ஆனா உடம்ப பாத்தா அப்படி ஒண்ணும் இல்ல. உயரம் 170 சென்டிமீட்டர், பெரிய ஓட்டக்காரர் கிடையாது, நாலு பேர வெட்டி வெட்டி போய் கோல் அடிக்கிற ரகமும் இல்ல. 1980ல பார்சிலோனா பக்கத்துல டெர்ராசாவுல பொறந்தவரு, அப்பாவும் ஃபுட்பால் ஆடினவரு, 11 வயசுல பார்சிலோனா கிளப்புக்குள்ள போனாரு. அந்த கிளப்புக்காக 767 மேட்ச், ஸ்பெயினுக்கு 2008, 2012 யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கோப்பை), நடுவுல 2010 உலகக் கோப்பை. உங்க பையன் குட்டைங்கிற கவலைய இதோட விட்டுடுங்க.

இப்போ அந்த 'ரகசியம்'. நார்வேல கெய்ர் யோர்டெட்னு ஒரு விளையாட்டு உளவியல் பேராசிரியர் இருக்காரு. அவர் என்ன பண்ணாருன்னா, எல்லாரும் பந்த பாத்துட்டு இருக்கும்போது இவர் ஒரு ஆட்டக்காரன மட்டும் க்ளோசப்ல எடுத்த வீடியோவ போட்டு, பந்து அவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அவன் எத்தனை தடவை பந்த விட்டு தலைய திருப்பி சுத்தி பாக்குறான்னு உக்காந்து எண்ணினாரு. இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல மட்டும் 118 பேர். இங்கிலாந்து மிட்ஃபீல்டர் ஃபிராங்க் லாம்பார்டுக்கு விநாடிக்கு 0.62 வந்துச்சு, அதுவே அங்க ரொம்ப அதிகம். சாவிக்கு 0.83. அதாவது ஆறு விநாடில அஞ்சு தடவை. நீங்க இந்த வரிய படிக்கிற நேரத்துக்குள்ள அவர் இடது, வலது, முதுகுப் பக்கம் எல்லாம் பாத்து முடிச்சிருப்பாரு, பந்து இன்னும் வந்திருக்காது. அதிகமா பாக்குறவன் குடுக்குற பாஸ் சரியான ஆளுக்கு போய் சேர்றதும் அதிகமா இருந்துச்சுன்னு அந்த கணக்குல தெரிஞ்சது.

கல்யாண பந்தில பழகின ஆளு சாம்பார் வாளி எடுத்துட்டு வர்றத பாத்திருப்பீங்க. யார் இலைல சாதம் இருக்கு, யார் கை காட்டப் போறாங்க, எந்த பெரியவர் ரசத்துக்கு காத்திருக்காருன்னு அவர் வாளி தூக்கும்போதே ஒரு நோட்டம் விட்டிருப்பாரு. புதுசா வந்த பையன் குனிஞ்சு ஒரு இலைக்கு ஊத்தி முடிச்சிட்டுதான் நிமிர்ந்து அடுத்து யாருன்னு பாப்பான். ரெண்டு பேருக்கும் அதே கண்ணுதான், பாக்குற நேரம்தான் வேற.

ஆனா தலைய திருப்பினா மட்டும் போதாது, இங்கதான் பாதி கோச்சுங்க கோட்டை விடுறாங்க. 'தலைய தூக்குடா, தலைய தூக்குடா'ன்னு கத்துறாங்க, பையனும் கோழி மாதிரி தலைய ஆட்டிட்டு இருப்பான், ஒண்ணும் மண்டைக்குள்ள போகாது. செஸ்ல ஒரு பழைய ஆராய்ச்சி, 1973ல சேஸ், சைமன்னு ரெண்டு பேர் பண்ணது. நெசமா ஆடின ஆட்டத்துலருந்து ஒரு போர்ட அஞ்சு விநாடி காட்டிட்டு மறைச்சா, மாஸ்டர் பாதிக்கு மேல காய்கள சரியா திரும்ப அடுக்குறாரு, கத்துக்குட்டிக்கு நாலு காய் அளவுதான் ஞாபகம் இருக்கு. அதே காய்கள கன்னாபின்னான்னு இறைச்சு வச்சு காட்டினா மாஸ்டருக்கும் கிட்டத்தட்ட கத்துக்குட்டி நெலமதான். ஆக அது நல்ல கண்ணும் இல்ல, தனி ஞாபகசக்தியும் இல்ல, ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடி ஆடி உள்ள படிஞ்ச உருவங்கள். சாவி ஒரு தடவை திரும்பி பாக்கும்போது பத்து பேர தனித்தனியா பாக்கல, 'ஓ இது அந்த மாதிரி நெலமை, இப்போ இந்த இடம் காலியாகும்'னு ஒரே உருவமா பாக்குறாரு. 2008 யூரோ ஃபைனல்ல ஜெர்மனிக்கு எதிரா 33வது நிமிஷம் ஸ்பெயின் ஃபார்வர்டு டோரஸ் அடிச்ச கோலுக்கு அவர் குடுத்த பாஸ யூட்யூப்ல பாருங்க, பந்து டோரஸ் நிக்கிற இடத்துக்கு போகல, அவர் போய் சேரப் போற இடத்துக்கு போச்சு.

அடுத்தது உடம்பு நிக்கிற கோணம். பந்து வர்ற பக்கம் முழுசா நெஞ்ச காட்டி நிக்காம பாதி திரும்பி நிப்பாரு, அதனால முதல் டச்சுலயே முன்னாடி போக முடியும், ஆள் நெருக்கினா பந்தோட ஒரு முழு சுத்து சுத்தி தப்பிச்சிடுவாரு. இத செய்ய கால் பந்த தானா பாத்துக்கணும். உங்க கோச் 'பந்து ஒட்டுது ஆனா விஷன் இல்ல'ன்னு ரெண்டையும் தனித்தனியா சொல்றாரு பாருங்க, அது எனக்கு சரியா படல. குனிஞ்சு பந்த பாத்துட்டே இருந்தாதான் பந்து ஒட்டுதுன்னா, பந்து இன்னும் முழுசா ஒட்டலன்னு அர்த்தம். கால் கத்துக்கிட்டா கண்ணுக்கு லீவு கெடைக்கும், அவ்ளோதான்.

பொறப்பா பயிற்சியான்னு கேட்டீங்க. ஏதோ கொஞ்சம் கூடவே வந்திருக்கும், யார் இல்லேங்கிறது. ஆனா சாவி வளந்த இடத்த பாருங்க. யோஹான் க்ரைஃப் 1988ல பார்சிலோனாவுக்கு கோச்சா வந்ததுலருந்து அங்க சின்னப் பசங்களுக்கும் ஒரே பாடம்தான். ரோண்டோன்னு பேரு, வட்டமா நின்னு நாலஞ்சு பேர் பந்த வச்சுக்கணும், நடுவுல ரெண்டு பேர் புடுங்கணும். இடம் சின்னது, ஒரு டச் ரெண்டு டச்தான், முன்னாடியே பாக்கலன்னா பந்து போயிடும், நீ நடுவுக்கு போகணும். இப்படி வருஷக்கணக்கா தினமும். உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரருக்கு குடுக்குற பலோன் தோர் விருதுல 2010ல முதல் மூணு இடமும், மெஸ்ஸி, இனியஸ்டா, சாவி, மூணு பேருமே லா மாசியாங்கிற அந்த ஒரே அகாடமி பிள்ளைங்க. மூணு பேருக்கும் ஒரே ஊர்ல தெய்வம் இறங்கி வந்து கண்ணு குடுத்துச்சுன்னா நம்புறது?

இன்னொன்னு, பாஸ் குடுக்குறவனுக்கு விஷன் இருந்தா மட்டும் பத்தாது, ஓடுறதுக்கு ஆள் வேணும். சாவிய உலகமே திரும்பிப் பாத்தது 28 வயசுல, அப்போதைய கோச் லூயிஸ் அரகோனெஸ் ஸ்பெயின் டீமையே அவர சுத்தி கட்டினப்போ, அதே வருஷம் பார்சிலோனாவுக்கு கார்டியோலா கோச்சா வந்தப்போ. அதுக்கு முன்னாடியும் அதே கண்ணுதான் அவருக்கு. உங்க பையன் டீம்ல எல்லாரும் பந்து பின்னாடியே மாட்டுக் கூட்டம் மாதிரி ஓடுனா அவன் யாருக்கு பாஸ் குடுப்பான், சொல்லுங்க.

இங்க எனக்கு கோவம் வருது, மன்னிச்சுக்கோங்க. 11, 12 வயசு பசங்கள பெரியவங்க ஆடுற முழு கிரவுண்டுல பதினோரு பேரா இறக்கி விடுறாங்க, ஒரு பையனுக்கு ஆட்டம் முழுக்க பந்து பத்து பதினஞ்சு தடவை வந்தா பெருசு. அப்புறம் அவனுக்கு உருவம் எங்கருந்து படியும்? கோச்சுக்கு அண்டர் 13 கோப்பை ஜெயிச்சாதான் அடுத்த வருஷம் வேலை, அதனால உயரமான பையன பின்னாடி நிக்க வச்சு தூக்கி அடிக்க சொல்றாரு, அந்த உயரமான பையனுக்கு நெசமா எத்தனை வயசுன்னு கேக்கக்கூடாது. ஸ்கூல்ல பிடி பீரியட் வந்தா கணக்கு சார் வந்து நிக்கிறாரு. இத்தனையும் பண்ணிட்டு பன்னெண்டு வயசு பையன பாத்து விஷன் இல்லன்னு சொல்றது நல்லா இருக்கா?

சரி, அந்த கண்ணாடி விஷயம். மின்னி மின்னி மறைக்கிற கண்ணாடி, லைட் எரிஞ்சா தொடுற போர்டு, கம்ப்யூட்டர்ல ஓடுற புள்ளிகள், இதுல எல்லாம் மூணு மாசத்துல பையனோட மார்க் ஏறும், அது நெசம். ஆனா ஏறுறது அந்த மெஷின்ல ஆடுற திறமை, மேட்ச்ல பாஸ் மாறுதுங்கிறதுக்கு நம்புற மாதிரி ஆதாரம் கம்மி. லைட்டு எப்போ எரியும்னு கத்துக்கிட்டா டிஃபெண்டர் எப்போ ஏமாறுவான்னு தெரிஞ்சிடாது. கலர் கோன் காட்டி 'என்ன கலர்'னு கேக்குற டிரில்லும் பெரும்பாலும் இதே கதைதான். பையனுக்கு தூரத்து போர்டு மங்கலா தெரியுதுன்னா கண் டாக்டர்ட்ட பவர் செக் பண்ணுங்க, அது வேற விஷயம்.

அவன் செய்ய வேண்டியது காசில்லாத வேலை. நாலுக்கு ரெண்டு ரோண்டோ, அப்புறம் மூணுக்கு மூணு, நாலுக்கு நாலு சின்ன கோல் போஸ்ட் வச்சு, ஏன்னா ரோண்டோல கோல் எந்தப் பக்கம்னே கெடையாது, அத மட்டுமே ஆடினா சுத்தி சுத்தி குடுக்க மட்டும்தான் வரும். எப்போ திரும்பி பாக்கணும்னா, ஒருத்தன் கால விட்டு பந்து கெளம்பி இன்னொருத்தன் காலுக்கு போய்ட்டு இருக்குற அந்த இடைவெளில, அப்போ பந்து எங்க போகும்னு ஏற்கனவே தெரிஞ்சிடும், பாக்க வேண்டியது இல்ல. நடுவுல திடீர்னு ஆட்டத்த நிறுத்தி 'கண்ண மூடு, உனக்கு பின்னாடி யாரு, எவ்ளோ தூரம்'னு கேளுங்க, திட்டாதீங்க, கேள்விய மட்டும் கேளுங்க. டிவில மேட்ச் பாத்தா பத்து நிமிஷம் பந்த விட்டுட்டு ஒரே மிட்ஃபீல்டர மட்டும் பாக்க சொல்லுங்க.

கடைசியா பார்சிலோனா ட்ரையல், 6 லட்சம். உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவோட விதிப்படி, சில விதிவிலக்கு தவிர, 18 வயசுக்கு கீழ இருக்குற பையன இன்னொரு நாட்டு கிளப் பதிவு பண்ணவே கூடாது. இந்த விதிய மீறுனதுக்கு அந்த பார்சிலோனா கிளப்பையே ஃபிஃபா 2014ல தண்டிச்சு, ரெண்டு ட்ரான்ஸ்ஃபர் விண்டோவுக்கு (கிளப்புங்க ஆள் மாத்திக்கிற காலம்) புது ஆள பதிவு பண்ண விடல. அங்க அகாடமில ஏற்கனவே ஆடிட்டு இருந்த ஜப்பான் பையன் டகேஃபுசா குபோ, எவ்ளோ பெரிய திறமை, மேட்ச்ல இறங்க முடியாம 2015ல ஊருக்கு திரும்பிப் போனாரு. அவருக்கே அந்த கதி.

'அப்போ மெஸ்ஸி எப்படி போனாரு'ன்னு அந்த நோட்டீஸ் குடுத்தவரு கேப்பாரு. அர்ஜென்டினாலருந்து மெஸ்ஸி போனது 2000ல, 13 வயசுல, இந்த விதி வந்தது 2001ல. முடிஞ்சுச்சு.

விதிவிலக்கு சிலது இருக்கு, ஐரோப்பாக்காரங்களுக்கு, எல்லைல வாழுறவங்களுக்கு, அதெல்லாம் உங்களுக்கு வேணாம். ஆனா ஒண்ண மட்டும் நல்லா புரிஞ்சுக்கோங்க, ஏன்னா ப்ரோக்கருங்க வித்து சாப்பிடுறது இததான். அப்பா அம்மா ஃபுட்பாலுக்கு சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்கு குடி போனா பையன் அங்க பதிவு பண்ணலாம். உடனே இவங்க என்ன சொல்வாங்கன்னா, 'சார்க்கு அங்க ஒரு ஹோட்டல்ல வேலை வாங்கி தர்றோம், பேப்பர்ல அப்படி காட்டிக்கலாம்'. முதல்ல வேலை வந்துச்சா, பையனுக்கு கிளப் வந்துச்சான்னு ஃபிஃபா தேதி பாத்து கேக்குது. வேலை காகிதம் எப்போ, வீட்டு வாடகை ஒப்பந்தம் எப்போ, கிளப் எப்போ பேசுச்சு, எல்லாம் தோண்டுவாங்க. பையன் ட்ரையலுக்கு போய்ட்டு வந்து ஆறு மாசம் கழிச்சு அப்பாவுக்கு அதே ஊர்ல திடீர்னு வேலை கெடைச்சா அத யாரும் தற்செயல்னு நம்ப மாட்டாங்க. அப்பாவ கம்பெனி நெசமாவே மாத்தி அனுப்பி, பையன் கூட போய், அங்க போன அப்புறம் பக்கத்து கிளப்ல சேந்தா, அது சரி. வேற மாதிரி திருப்பி திருப்பி எப்படி சொன்னாலும் அது சரி கெடையாது.

காசு கட்டினா யாரும் சேரக்கூடிய கேம்ப் பெரிய கிளப் பேருங்கள்ல நடக்குது, பசங்களுக்கு ஜாலியாதான் இருக்கும், ஆனா அது டூர், ட்ரையல் இல்ல. அவர் தன்ன ஏஜென்ட்னு சொன்னார்னா லைசென்ஸ் பெயர ஃபிஃபா தளத்துல தேடி பாருங்க, லைசென்ஸ் இருந்தாலும்கூட, பையன் முதல் ப்ரொஃபஷனல் கான்ட்ராக்ட் போடுற வயசுக்கு ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் அவர் உங்கள வந்து பாக்கவே கூடாது. 12 வயசு பையன் வீட்டுக்கு வந்துட்டாருன்னா மீதிய நீங்களே யோசிச்சுக்கோங்க.

அட்வான்ஸ் 5 ஆயிரத்த எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்ல கேட்டாலும் போதும், ரெக்கார்டு இருக்கட்டும். தரலன்னா அது பின்னாடி அலைஞ்சு இன்னொரு 10 ஆயிரம் விடாதீங்க. கையில இருக்குற காசுல நாலாம் நம்பர் பந்து ரெண்டு வாங்கி, தெருவுல இன்னும் அஞ்சு பசங்கள சேத்து விடுங்க, அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா இருட்டுறதுக்குள்ள ஒரு மணி நேரம் கெடைக்கும்.