ஆலயத்துக்கு வெளியே கூடுகிறவர்கள்: கேள்வி பதில்

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரம் ஒன்றில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) வளர்ந்து, இப்போது சில குடும்பங்களோடு வீட்டில் கூடுகிறவன் நான். வீட்டுச் சபை பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். இன்ன ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) இப்படிச் செய்தார் என்று வந்தவற்றுக்கு இங்கே பதில் இல்லை. அது அவரிடம் நேரில் பேசவேண்டியது.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி: நாலு குடும்பமாக ஞாயிறு காலை எங்கள் வீட்டில் கூடுகிறோம். ஐயர் எபிரெயர் 10:25-ஐக் காட்டி, "சபை கூடிவருதலை விட்டுவிட்டீர்கள்" என்கிறார். இது சபையா, இல்லையா?

அந்த வசனத்தை முதலில் வாசித்தவர்கள் கூடியதும் வீடுகளில்தான், சிஸ்டர். ரோமர் 16-ல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் ஒரு சபை. கொலோசெயர் 4-ல் நிம்பாவின் வீட்டில் ஒன்று. பிலேமோன் வீட்டில் ஒன்று. சிரியாவில் தூரா யூரோப்பஸ் என்ற இடத்தில் மூன்றாம் நூற்றாண்டுச் சபை ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அது ஒரு சாதாரண வீடு. நடுச்சுவரை எடுத்துவிட்டு இரண்டு அறையைக் கூடமாக்கி, இன்னொரு அறையை ஞானஸ்நானத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அப்போஸ்தலர் 20-ல், துரோவா ஊரில் பவுல் பேசப் பேச ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி விழுந்தது ஒரு வீட்டின் மூன்றாம் மெத்தையிலிருந்து. நீளப் பிரசங்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது!

ஆனால் ஐயர் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அதே வசனம் "ஒருவருக்கொருவர் புத்திசொல்ல" வேண்டும் என்கிறது. உங்கள் நாலு குடும்பத்தில் ஒருவர் மூன்று வாரம் வராவிட்டால் யார் போய்க் கதவைத் தட்டுவார்? ஒருவர் குடித்துவிட்டு வீட்டில் கையை ஓங்கினால் யார் அவரோடு உட்கார்ந்து பேசுவார்? அதற்கு ஆள் இருந்தால் அது சபைதான். இல்லையென்றால் நல்ல ஜெபக்கூட்டம், அவ்வளவே.

மதுரை சகோதரர்: இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த புது மோகம் என்கிறார் என் மாமா.

மாமாவிடம் அருளப்பனைப் பற்றிக் கேளுங்கள். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். இங்கிலாந்தின் எக்ஸ்டரில் பல் மருத்துவராக இருந்து, பாக்தாத் போய், 1833-ல் இந்தியா வந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸோடு சேர்ந்தார். திருவிருந்தில் அப்பம் பிட்கப் பட்டம் பெற்ற குருவானவர் வேண்டியதில்லை, ஊழியனுக்கு மிஷன் சம்பளமும் வேண்டியதில்லை என்பது குரோவ்ஸின் போதனை. அருளப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, சம்பளம் வாங்காமல் கிறிஸ்தியான்பேட்டையில் விசுவாசிகளைக் கூட்டினார். 1860-ல் அங்கே தொடங்கிய எழுப்புதல், அதாவது விசுவாசம் புதிதாகப் பற்றியெரிகிற அலை, மிஷன் சபைகளையும் அசைத்தது. வெள்ளைக்காரர் நடத்தாத எழுப்புதல் அது.

அதற்கும் முன்னால், 1857-ல் நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளை மிஷனரியோடு பிணங்கிக்கொண்டு தனியாக இந்து கிறிஸ்தவ சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள். வெளிநாட்டார் தலையீடு வேண்டாம் என்று போனவர்களுக்கும் கொஞ்ச நாளில் சொந்தச் சட்டதிட்டம், சொந்த முறைமை எல்லாம் வந்துவிட்டது. இதைச் சொல்வது குறையாக அல்ல. நிறுவனம் பிடிக்கவில்லை என்று வெளியே போகிற எல்லாருக்கும் இது நடக்கும் என்று தெரிந்திருக்கட்டும் என்பதற்காக.

பிறகு பக்த்சிங். பஞ்சாபில் சீக்கியக் குடும்பம். இங்கிலாந்தில் பொறியியல் படிக்கப் போனவர். 1941-ல் சென்னையில் யெகோவா ஷம்மா என்ற அவருடைய சபை தொடங்கியது. அங்கும், பின்னால் ஹைதராபாத் எப்ரோன் சபையிலும் தரையில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். மணிக்கணக்கான ஆராதனை, முடிந்ததும் அன்பின் விருந்து. ஒரே பந்தியில் சாதி பாராமல் சாப்பிடுவது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. என் கணக்கில், அந்தக் கூட்டங்களின் பிரசங்கத்தைவிடப் பெரிய பிரசங்கம் அந்தப் பந்திதான்.

தூத்துக்குடி: திருவிருந்தை யார் கொடுப்பது? அபிஷேகம் பெற்ற குருவானவர் இல்லாமல் செல்லுமா?

கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) லுத்தரனும் செல்லாது அல்லது முறையல்ல என்பார்கள். குரோவ்ஸ் வழியில் வந்த பிரதரன் சபைகள் கொடுப்பவர் யார் என்ற கேள்வியே எழாது என்பார்கள். இதை நான் தீர்க்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் மூத்தவர்கள் முறைவைத்து ஜெபித்துப் பிட்கிறோம். நான் கவலைப்படுவது வேறு இடத்தில். கொரிந்தியரைப் பவுல் கடிந்துகொண்டது யார் கொடுத்தார் என்பதற்காக அல்ல, வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டு ஏழை பசியாயிருந்ததற்காக.

கோவை: எங்கள் ஐக்கியத்தில் வீடு ஒரு அண்ணனுடையது. பேசுவதும் அவர், காணிக்கை வாங்குவதும் அவர். கேட்டால் "அபிஷேகம்" என்கிறார்.

தம்பி, இந்தக் கேள்வி பல ஊரிலிருந்து வந்தது. யோவானின் மூன்றாம் நிருபத்தில் "முதன்மையாயிருக்க விரும்புகிற தியோத்திரேப்பு" என்று ஒருவர் வருகிறார். சேகரத்தில் தியோத்திரேப்பு இருந்தால் பேராயரிடம் மனு கொடுக்கலாம், கமிட்டித் தேர்தலில் தோற்கடிக்கலாம், கடைசியில் வழக்காவது போடலாம். வரவேற்பறையில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆலயத்தில் அரசியல் என்று வெளியே வருகிறோம்; அந்த அரசியலில் ஒரு பகுதி, கேள்வி கேட்பதற்கு வழி இருந்ததால் வந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

செய்யக்கூடியது: மாதம் ஒரு வீடு என்று மாற்றுங்கள். காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதி, எல்லாரும் பார்க்க வையுங்கள். அவர்கள் கணவன் மனைவியாக இருக்கக் கூடாது. ஒன்று கொரிந்தியர் 14:26-ன்படி ஒருவர் பாட, ஒருவர் போதிக்க இடம் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் அண்ணன் கோபப்பட்டால் வேறு வீடு பாருங்கள்.

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே: கட்டடம், சம்பளம் இல்லாத கூட்டத்தில் பணம் ஏழைகளுக்குப் போகவேண்டும். போகவில்லையென்றால் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

சென்னை: மகளுக்கு எங்கள் மூப்பரே கல்யாணம் செய்துவைக்கலாமா?

ஜெபித்து ஆசீர்வதிக்கலாம். சட்டப்படி மணம் முடித்துவைக்க முடியாது, உரிமம் இல்லாவிட்டால். 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் யார் நடத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது. அதிகாரம் இல்லாதவர் நடத்தினால் பத்து ஆண்டு வரை சிறை. விளையாட்டில்லை. அந்தச் சட்டப்படியே திருமணப் பதிவாளர் முன் முடிக்கலாம், அல்லது 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதியலாம். அன்றைக்கே வீட்டில் ஆராதனை வையுங்கள்.

நாகர்கோவில்: சேகரத்துக்குக் கட்டும் சங்கக் காணிக்கையை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்கு வயது எண்பது தாண்டிவிட்டது. கல்லறை?

வீட்டுச் சபைக்காரர்கள் யாரும் முன்கூட்டி யோசிக்காத விஷயம் இதுதான். கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் சேகரத்தின் சொத்து. துக்க வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது பாக்கிக் கணக்கைப் பேச வேண்டிவரும். அப்பாவின் விருப்பம் முதலில். அவர் அம்மா பக்கத்தில் படுக்க நினைத்தால், அவர் பெயரில் காணிக்கையை இன்றைக்கே கட்டுங்கள். உங்கள் கொள்கைக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அவருக்கும் வேண்டாம் என்றால், ஊராட்சி அல்லது மாநகராட்சியின் பொது மயானத்தில் இடம், நடைமுறை எல்லாம் இப்போதே விசாரித்து வையுங்கள். குழி வெட்டுபவர், பெட்டி செய்கிறவர் போன் நம்பர் உட்பட. ஆலயத்தில் இதையெல்லாம் சொல்லாமலே பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை உங்களுக்குக் கிடையாது.

ஊர் போட வேண்டாம் என்ற ஒரு சகோதரி: கணவர் வீட்டார் இந்துக்கள். இயேசுவைத்தான் கும்பிடுகிறேன். ஞானஸ்நானம் எடுக்க முடியாது. ஆலயத்துக்கும் போக முடியாது. நான் யார்?

அக்கா, நீங்கள் தனி ஆள் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவகாசியில் இப்படி மறைவாக விசுவாசித்த பெண்களைப் பற்றி எலைசா கென்ட் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹூஃபர், ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகளைத் தேடிப்போய்ச் சந்தித்து 1991-ல் ஒரு புத்தகமே போட்டார்.

எப்போது ஞானஸ்நானம் எடுப்பது என்று யாரும் உங்களை நெருக்க வேண்டாம். வீட்டைவிட்டு வா என்று சொல்கிற ஊழியக்காரர் உங்களுக்குச் சோறு போடப்போவதில்லை. ஆனால் தனியாக இருக்காதீர்கள். மத்தேயு 18:20 கேட்பது இரண்டு பேர். மத்தியானம் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து போகிற ஒரு பெண் போதும். மொபைலில் பிரசங்கம் கேட்பது நல்லதுதான், ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது அந்தப் பிரசங்கிக்குத் தெரியாது.

திருச்சி: பிள்ளைகள்?

பாட்டு, கதை, பந்தியில் பரிமாறுகிற வேலை. ஆலயத்தின் ஓய்வுநாள் பள்ளிக்கு (பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பு) அனுப்ப வசதி இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். நாலு வீட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது.

மறுபடி பாளையங்கோட்டை: அடுத்த மாதம் எங்கள் பழைய ஆலயத்தில் அசனப் பண்டிகை, எல்லாருக்கும் சமைத்துப் போடுகிற விருந்து. போகலாமா, அது வேஷமா?

இதில் என்ன வேஷம்? காய் வெட்டக் கூப்பிட்டால் முதல்நாள் ராத்திரியே போங்கள். வாளியில் பெயர் எழுதிக்கொண்டு போங்கள், மாறிவிடும்.